ஒயின் டேங்க் கொட்டேஷன்ல 12 லட்சம்... உங்க கையை விட்டுப் போறது எவ்வளவு?



"சார், சின்னதா ஒரு ஒயினரி போடுறோம். ஸ்டீல் டேங்குக்கு 12 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கு. ஓகேவா?"

புனேயில் வேலை பார்க்கும் நம்ம சேனல் சப்ஸ்கிரைபர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டம் இருக்கிற மராத்தி நண்பரோட பார்ட்னரா சேர்றார். தோட்டம் நண்பரோடது, முதலீட்டில் பாதி இவரோடது. ஓகேவா இல்லையான்னு ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. ஏன்னா 12 லட்சம்ங்கிறது டேங்கோட விலை, அவரோட செலவு அது இல்லை. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போறோம். வீடியோவில் ஸ்க்ரீன்ல கணக்கு ஓடிப் போயிடும். இங்கே நிதானமா, பக்கத்துல ஒரு பேப்பர் பேனா வச்சுக்கிட்டுப் படிங்க.

ஒயின்னு சொன்னதும் நம்ம ஊர் ஒயின் ஷாப் ஞாபகம் வருதா? அங்கே ஒயினைத் தவிர மத்ததெல்லாம் போகும். நாசிக் கதை வேற. மகாராஷ்டிரா அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குன்னு தனிக் கொள்கை கொண்டு வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் சுலா தன்னோட முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது. அதைப் பார்த்து நிறைய விவசாயிகள் கடன் வாங்கி சின்னச் சின்ன ஒயினரி கட்டினாங்க. 2008-09 மந்தத்துல பல பேர் விற்க முடியாம மாட்டினாங்க. ஒயினைக் காலி பண்ண முடியலைன்னா டேங்க் காலியாகாது. டேங்க் காலியாகலைன்னா அடுத்த அறுவடையை எங்கே ஊத்துறது? அப்படி மூடின ஒயினரிகளோட டேங்குகள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அந்தப் பழைய டேங்க் விஷயத்துக்குக் கடைசியில் வருவோம், அதுல ஒரு வரி லாபம் ஒளிஞ்சிருக்கு.

முதல்ல லிட்டர் கணக்கு

நிறைய பேர் பண்ற கணக்கு இது: "20 டன் திராட்சை. அதுல 12,600 லிட்டர் ஒயின் வரும். 13,000 லிட்டருக்கு டேங்க் வாங்கினா போதும். பெருசா ரெண்டு வாங்கினா விலை குறையும்."

விலை குறையும்ங்கிறது உண்மைதான். ஒரே தடிமன் தகடுன்னா, கொள்ளளவு எட்டு மடங்கு ஆகும்போது ஸ்டீல் நாலு மடங்குதான் ஆகும். அதாவது 8,000 லிட்டர் டேங்க் ஒண்ணுக்கு ஆகிற ஸ்டீலைப் போல ரெண்டு மடங்கு ஆகும், எட்டு 1,000 லிட்டர் டேங்க் செய்ய. வால்வு, மூடி, வெல்டிங் கூலி எல்லாம் எட்டு தடவை. அதனால கொட்டேஷன்ல பெரிய டேங்க் எப்பவும் அழகாத் தெரியும்.

ஆனா ஒயினுக்கு ஒரு குணம் இருக்கு. புளிக்கும்போது காலி இடம் வேணும், புளிச்சு முடிஞ்சதும் காலி இடமே இருக்கக் கூடாது.

முதல் பாதி நமக்குத் தெரிஞ்சதுதான். ராத்திரி தோசை மாவைப் பாத்திரம் நிறைய வச்சா காலையில் தரையெல்லாம் மாவு. சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைத் தோலோடதான் நொதிக்க வைப்பாங்க. கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பும்போது தோல் எல்லாம் மேலே வந்து கெட்டியா ஒரு தொப்பி மாதிரி நிக்கும். அதுக்கு டேங்கில் கால்வாசி காலியா விடணும். வெள்ளை ஒயினில் தோல் கிடையாது, பிழிந்த சாறு மட்டும்தான். நுரைக்கு 10 முதல் 15 சதவீதம் விட்டா போதும்.

ரெண்டாவது பாதியிலதான் பணம் போகும். நொதித்தல் நின்னதும் காஸ் வர்றது நின்னுடும். மேலே இருக்கிற காலி இடத்துல காத்து புகுந்தா ஒயின் நிறம் மாறும், வாசனை போகும், கடைசியில் வினிகர். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிக்கணும்னு பாட்டி சொல்றதும் இதே காரணத்துக்குத்தான். அதனால டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பி வைக்கணும்.

இப்போ நம்ம 20 டன்னைப் பிரிச்சுப் பார்ப்போம். 8 டன் வெள்ளைக்கு (ஷெனின் பிளாங்க், சாவின்யோன் பிளாங்க் மாதிரி), 12 டன் சிவப்புக்கு (ஷிராஸ், காபர்நே). நாசிக்கில் அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வெள்ளை ரகங்கள் முன்னாடி வரும்.

8 டன் வெள்ளையில் டன்னுக்கு 650 லிட்டர்னு 5,200 லிட்டர் சாறு. 3,000 லிட்டர் டேங்க் ரெண்டு எடுத்தா ஒவ்வொண்ணுலயும் 2,600 லிட்டர், 13 சதவீதம் காலி. கச்சிதம். நொதிச்சு முடிச்சு, அடியில் படியுற வண்டலை விட்டுட்டு எடுத்தா 4,800 லிட்டர் ஒயின்னு வைங்க. ஒரு டேங்க் 3,000 ஃபுல். மீதி 1,800 லிட்டர்? அதை இன்னொரு 3,000 லிட்டர் டேங்கில் விட்டா மேலே 1,200 லிட்டர் காத்து. சோலி முடிஞ்சது. அதுக்குத்தான் 1,000, 500, 300 லிட்டர்னு சின்ன டேங்க் மூணு வேணும். இப்போ மூணும் ஃபுல், பெரிய டேங்க் ஒண்ணும் காலியாச்சு.

சிவப்பை ரெண்டு தவணையா அறுவடை பண்றோம், தவணைக்கு 6 டன். நசுக்கின திராட்சை டன்னுக்குக் கிட்டத்தட்ட 1,000 லிட்டர் இடம் பிடிக்கும். கால்வாசி காலி விட்டா 8,000 லிட்டர் வேணும். 4,000 லிட்டர் டேங்க் ரெண்டு. பத்து நாள்ல நொதிச்சுப் பிழிஞ்சா 3,900 லிட்டர் ஒயின். இதை எங்கே வைக்கிறது? வெள்ளை ஒயின் காலி பண்ணின 3,000 லிட்டர் டேங்கைக் கழுவி அதுல 3,000. மீதி 900 லிட்டருக்கு மிதக்கும் மூடி வச்ச 1,000 லிட்டர் டேங்க் ஒண்ணு. ஒயின் எந்த மட்டத்தில் இருக்கோ அந்த மட்டம் வரைக்கும் மூடியை இறக்கி, சுத்தி இருக்கிற ரப்பர் டியூபில் காத்தடிச்சா அடைச்சுக்கும். சைக்கிள் டியூப் மாதிரிதான். சைக்கிள் டியூப் மாதிரியே காத்து இறங்கவும் செய்யும், அதனால அதுல மாசக்கணக்கா வச்சுட்டு மறந்துடக் கூடாது. நொதிக்க வச்ச 4,000 லிட்டர் டேங்க் ரெண்டும் இப்போ ரெண்டாவது தவணைக்குத் தயார். அதுல வர்ற 3,900 லிட்டர் ஒரே 4,000 லிட்டர் டேங்கில் கிட்டத்தட்ட ஃபுல்லா உக்காரும். இன்னொண்ணு காலி. அந்தக் காலி டேங்க் வேஸ்ட் இல்லை. வண்டல் பிரிக்க ஒயினை ஒரு டேங்கிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு எப்பவும் ஒரு டேங்க் காலியா இருந்தே ஆகணும்.

கூட்டிப் பாருங்க: 4,000 ரெண்டு, 3,000 ரெண்டு, 1,000 ரெண்டு, 500 ஒண்ணு, 300 ஒண்ணு. மொத்தம் 16,800 லிட்டர். 12,600 லிட்டர் ஒயினுக்கு மூணுல ஒரு பங்கு கூடுதல். அதுவும் ஒரே டேங்கை ஒரு சீசன்ல ரெண்டு தடவை சுழல விட்டதால. எல்லா ரகமும் ஒரே வாரத்துல பழுத்து வந்து நின்னா இந்தக் கணக்கு உடைஞ்சிடும். அதனால டேங்க் ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி தோட்டத்துக்காரரோட உக்காந்து எந்த ரகம் எந்த வாரம் வரும்னு ஒரு காலண்டர் போடுங்க.

இப்போ ஜிஎஸ்டி

என் வேலையே இதுதான், அதனால இங்கே கொஞ்ச நேரம் நிக்கிறேன்.

ஸ்டீல் டேங்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 12 லட்சத்துக்கு 2,16,000. சாதாரண ஃபேக்டரிக்காரர் இதைப் பத்திக் கவலைப்பட மாட்டார். வாங்கும்போது கட்டின வரியை, விக்கும்போது வசூலிச்ச வரியில் கழிச்சுக்குவார். இன்புட் டாக்ஸ் கிரெடிட்னு நாம பல வீடியோவில் பார்த்ததுதான்.

ஆனா மனிதர் அருந்தும் மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அரசியல் சட்டத்திலேயே அதை வெளியே வச்சிட்டாங்க. மாநிலத்தோட எக்ஸைஸ், வாட் மட்டும்தான். ஒயினும் அதுல அடக்கம். "ஜிஎஸ்டி இல்லையா, ஜாலி!"ன்னு நினைக்காதீங்க. விக்கிற பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லைன்னா, அதுக்காக வாங்கின பொருளுக்குக் கட்டின ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அந்த 2,16,000 உங்க செலவு. டேங்க் விலை 14,16,000.

இதே 18 சதவீதம் கிளைகால் சில்லருக்கும் உண்டு, பம்புக்கும் உண்டு, பைப் லைனுக்கும் உண்டு. பேங்க் லோனுக்குக் கொடுக்கிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் வரி இல்லாத விலையைப் போட்டுட்டு, பில் வரும்போது கையிலிருந்து கட்டுறவங்க நிறைய. மெஷினரி மொத்தம் 50 லட்சம்னா 9 லட்சம் துண்டு விழும். சின்ன ஒயினரிக்கு அது ஒரு வருஷ வொர்க்கிங் கேபிடல். ரிப்போர்ட் போடும்போதே வரியோட சேர்த்துப் போடச் சொல்லுங்க.

இத்தாலி டேங்க் ஆசை இருக்கிறவங்களுக்கும் இதே விதிதான். கஸ்டம்ஸ் டியூட்டி மேல ஐஜிஎஸ்டி கட்டுவீங்க, அதுவும் திரும்ப வராது.

ஒரு ஓட்டை இருக்கு, சட்டப்படியான ஓட்டை. பக்கத்துத் தோட்டக்காரரோட திராட்சையை வாங்கி, அவருக்காக ஒயின் செஞ்சு கொடுத்து கூலி வாங்கினா, அது ஜாப் வொர்க் சேவை. ஒயின் அவரோடது, நீங்க விக்கிறது சேவை மட்டும். மது தயாரிப்புக்கான ஜாப் வொர்க்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டுன்னு 2021 செப்டம்பரில் நடந்த 45-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்திலேயே தெளிவாக்கிட்டாங்க. நீங்க வரி வசூலிக்கிறீங்க, அப்போ அந்த அளவுக்குக் கிரெடிட் எடுக்கலாம். ஒரே டேங்கில் சொந்த ஒயினும் கூலி ஒயினும் ஓடுதுன்னா, கிரெடிட்டை 60 மாசத்துக்குப் பிரிச்சு, ஒவ்வொரு மாசமும் வரி உள்ள வருமானம் எத்தனை பங்கோ அத்தனை பங்குக்கு மட்டும் நிக்கும். கணக்கு எழுதத் தலைவலிதான். ஆனா நாசிக்கில் கூலிக்கு ஒயின் செய்றது வழக்கத்தில் இருக்கிற தொழில், முதல் ரெண்டு மூணு வருஷம் டேங்க் சும்மா நிக்காம இருக்கவும் உதவும். இந்த எண்ணம் இருந்தா டேங்க் பில் வாங்கும்போதே ஜிஎஸ்டி பதிவோட, உங்க ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குங்க.

இதையே திருப்பிப் போட்டும் யோசிக்கலாம். முதல் வருஷம் நீங்களே டேங்க் வாங்காம, இன்னொரு ஒயினரியில் கூலிக்குச் செஞ்சு வாங்கலாம். கூலிக்கு 18 சதவீதம் கட்டணும், கிரெடிட் வராது. ஆனா அது ஒரு வருஷக் கூலிக்கு மட்டும்தான். நம்ம ஒயின் விக்குமான்னே தெரியாத நிலையில் 14 லட்சத்தை ஸ்டீல்ல முடக்குறதை விட அது எனக்குப் பிடிச்ச வழி. பார்ட்னருக்குப் பிடிக்காது, "சொந்த ஒயினரி"ன்னு போர்டு மாட்ட முடியாதே!

தேய்மானம்: ஜனவரி அறுவடைக்காரரோட கஷ்டம்

திரும்பி வராத ஜிஎஸ்டியை டேங்க் விலையோட சேர்த்து 14,16,000 மேல தேய்மானம் எடுக்கலாம். பிளான்ட் அண்ட் மெஷினரிக்கு வருஷம் 15 சதவீதம். ஆனா வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுல பாதிதான். அக்டோபர் 3-க்குள்ள பயன்பாட்டுக்கு வந்திருந்தாத்தான் மார்ச் 31-க்குள் 180 நாள் ஆகும். நாசிக்கில் திராட்சை வர்றதே ஜனவரியில். ஆக, புது டேங்குக்கு முதல் வருஷம் 7.5 சதவீதம், அதாவது 1,06,200. அடுத்த வருஷம் மீதியுள்ள 13,09,800 மேல 15 சதவீதம், 1,96,470.

பழைய வரி முறையில் இருக்கிற உற்பத்தியாளருக்குப் புது மெஷினுக்கு 20 சதவீதம் கூடுதல் தேய்மானமும் உண்டு. அதுலயும் 180 நாள் விதிப்படி இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதிப் பாதி. புது வரி முறைக்குப் போனா இது கிடையாது.

"அப்போ செப்டம்பர்லேயே டேங்கை இறக்கி, தண்ணி ஊத்திட்டு யூஸ் பண்ணினதாக் காட்டலாமா சார்?" கேட்பீங்கன்னு தெரியும். வேண்டாம். தண்ணி ஊத்திப் பார்த்தது தொழில் பயன்பாடான்னு அதிகாரியோட வாதாடி ஜெயிச்சாலும் கிடைக்கப் போறது ஒரு வருஷம் முன்கூட்டிய தேய்மானம்தான். பணம் எங்கேயும் போயிடலை, தள்ளிப் போகுது. அதோட முதல் வருஷம் ஒயினரியில் லாபம் எங்கே இருக்கும்? சிவப்பு ஒயின் அப்போ டேங்குலதான் இருக்கும். கழிக்க முடியாத தேய்மானத்தை அடுத்தடுத்த வருஷங்களுக்கு எடுத்துட்டுப் போகலாம். டேங்க் சீக்கிரம் வரணும்தான், ஆனா காரணம் வரி இல்லை: கூலிங் லைன் இழுக்கணும், கசிவு பார்க்கணும், எக்ஸைஸ்காரங்க ஒவ்வொரு டேங்கையும் அளந்து நம்பர் போட்டுக் கொள்ளளவைப் பதியணும். இதெல்லாம் முடியாம திராட்சை வந்து வாசல்ல நின்னா டேங்க் இருந்தும் இல்லாத கதைதான். மழைக்காலம் ஆரம்பிக்கும்போதே ஆர்டர் கொடுத்து தீபாவளி ஒட்டி இறக்குற மாதிரி பாருங்க. லோன் எடுத்திருந்தா, டேங்க் பயன்பாட்டுக்கு வர்ற வரைக்குமான வட்டியும் செலவுக் கணக்கில் வராது, டேங்க் விலையோடதான் சேரும்.

எவர்சில்வர்ல எந்த எவர்சில்வர்?

நம்ம வீட்டுல பாத்திரம் வாங்கும்போது காந்தம் வச்சுப் பார்ப்பாங்க. ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர். அந்த டெஸ்ட் இங்கே உங்களைக் காப்பாத்தாது. 304-ம் ஒட்டாது, அதை விட மலிவான 202-ம் ஒட்டாது. 304-ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-ல விலை உயர்ந்த நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைப் போட்டிருப்பாங்க. பளபளப்பு ஒண்ணுதான். துரு பிடிக்கிறதுலதான் வித்தியாசம் தெரியும், அதுவும் மூணாவது வருஷம்.

ஒயினில் கெடாம இருக்க சல்பர் டை ஆக்ஸைடு சேர்ப்பாங்க. அது திரவத்தில் இருக்கும்போது அவ்வளவு தொந்தரவு இல்லை, ஆவியாகி டேங்கோட மேல் பகுதியில் ஈரத்தோட ஒட்டும்போதுதான் ஸ்டீலை அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 அதைத் தாங்கும். முழு டேங்கும் 316-ல செஞ்சா விலை எகிறும். அதனால அனுபவசாலிகள் உடம்பு 304, மேல் வளையமும் மூடியும் 316-ன்னு கேட்பாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச செலவு, தேவையான இடத்துல மட்டும் காசு. எண்ணுக்குப் பின்னாடி எல் இருந்தா (304 எல், 316 எல்) கார்பன் குறைவு, வெல்டிங் பண்ணின இடம் சீக்கிரம் அரிக்காது. தகடு சேலம் ஸ்டீலா வேற மில்லான்னு கேக்கிறதை விட, தகட்டோட மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டைக் கேளுங்க, அதுல இருக்கிற ஹீட் நம்பர் தகட்டுல அடிச்சிருக்கிற நம்பரோட ஒத்துப் போகுதான்னு வெட்டுறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. சந்தேகம்னா எக்ஸ்ரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கு, டெஸ்டிங் லேப்காரங்க வந்து வச்சுக் காட்டுனா உலோகக் கலவை சில நொடியில் தெரியும்.

"202-ல செஞ்சா 2 லட்சம் மிச்சம்"னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைப் போடுங்க. வரியோட 2,36,000 மிச்சம். 12,600 லிட்டர்ங்கிறது 750 மில்லி பாட்டிலில் 16,800 பாட்டில். டேங்க் 15 வருஷம் ஓடும்னா 2,52,000 பாட்டில். பாட்டிலுக்கு 94 பைசா. ஒரே ஒரு 3,000 லிட்டர் டேங்கில் ஒயின் கெட்டா 4,000 பாட்டில் போச்சு.

அப்புறம் தடிமன். இங்கே ஃபேப்ரிகேட்டர்கள் மனசுக்குள்ள கிலோ கணக்குலதான் விலை போடுவாங்க, கொட்டேஷன்ல மட்டும் லிட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமன் ஸ்டீல் தகடு சதுர மீட்டருக்கு சுமார் 8 கிலோ. 1.6 மீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரம் உள்ள 4,000 லிட்டர் டேங்குக்கு, மேலும் கீழும் சேர்த்து 14 சதுர மீட்டர் தகடு. 2 மில்லிமீட்டர்னா 225 கிலோ, 1.5 மில்லிமீட்டர்னா 170 கிலோ. ஒவ்வொரு கொட்டேஷன்லயும் வெற்று டேங்கோட எடையை எழுதித் தரச் சொல்லுங்க. குறைஞ்ச விலைக்காரர் ஏன் குறைச்சிருக்கார்னு அப்போ புரியும். டேங்க் வந்து இறங்கும்போது வே பிரிட்ஜ்ல லாரியை ஏத்தி இறக்கினா உண்மை தெரிஞ்சிடும்.

கூலிங் ஜாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். திராட்சைச் சாறு நொதிக்கும்போது சர்க்கரை ஒரு பிரிக்ஸ் குறைஞ்சா வெப்பம் சுமார் 1.3 டிகிரி ஏறும்னு ஒயின்காரங்க கணக்கு. 22 பிரிக்ஸ் சாறு முழுக்க நொதிச்சா, குளிர்விக்காம விட்டால் 28 டிகிரி வரைக்கும் ஏறப் பார்க்கும். வெள்ளை ஒயினை 12 முதல் 18 டிகிரிக்குள்ள வைக்கணும், நாசிக்கில் மார்ச் வெயில் 35 தாண்டும். அதனால நாலு பெரிய டேங்குக்கும் ஜாக்கெட் கட்டாயம். சின்ன டேங்குகளுக்கு வேண்டாம், அதுகளைக் குளிரூட்டின ஒரு அறைக்குள்ள வச்சிடலாம்.

இன்னொண்ணு, சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரைக்கும் ஆகிற ஒரு சின்ன வால்வு, மூடி மேல இருக்கும். கொட்டேஷனைக் குறைக்கச் சொன்னா முதல்ல இதைத்தான் எடுப்பாங்க. மூடியை இறுக்கி வச்சுட்டுக் கீழே பம்ப் போட்டு ஒயினை இழுத்தா, காத்து உள்ளே வர வழியில்லாம டேங்க் அப்படியே நசுங்கும். ஜூஸ் டெட்ரா பேக்கை ஸ்ட்ரா வச்சு உறிஞ்சினா ஒட்டிப் போகும்ல, அதேதான். காத்து உள்ளேயும் வெளியேயும் போக விடுற அந்த ரிலீஃப் வால்வு இல்லாத டேங்கை வாங்கவே வாங்காதீங்க.

பழைய டேங்க்

மூடின ஒயினரியிலிருந்து வர்ற டேங்க் நல்ல 304-ஆ இருந்தா எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்டீல் வயசானா கெடுறதில்லை, உள்ளே புள்ளி புள்ளியா குழி விழுந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கணும், முக்கியமா மேல் பகுதியிலயும் வெல்டிங் ஓரத்துலயும். குளோரின் கலந்த பிளீச் போட்டுக் கழுவியிருந்தா குழி கட்டாயம் இருக்கும்.

வரி லாபம் இங்கேதான். ஒயின் மட்டுமே விக்கிற ஒயினரி ஜிஎஸ்டி பதிவே எடுத்திருக்காது, எடுக்கணும்னு கட்டாயமும் இல்லை. பதிவு இல்லாதவர்கிட்ட வாங்கினா பில்லில் 18 சதவீதம் வராது. புது டேங்கில் உங்களுக்குத் திரும்ப வராத 18 இங்கே கட்டவே தேவையில்லை. கூடுதல் தேய்மானம் மட்டும் கிடைக்காது, அது புது மெஷினுக்குத்தான். அதை விட 18 சதவீதம் ரொக்கமா கையில் நிக்கிறது மேல். ஒரு எச்சரிக்கை: அந்த டேங்க் ஏதாவது பேங்க்ல அடமானத்துல இருக்கான்னு பார்த்துட்டு, பேங்கோட தடையில்லாச் சான்று வாங்கிட்டுப் பணம் கொடுங்க. கம்பெனியா இருந்தா அடமானப் பதிவை எம்சிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம்.

புது டேங்குக்குப் பணம் கொடுக்கும்போது, அட்வான்ஸ் ஒரு பங்கு, தகடு வந்து சர்ட்டிபிகேட் சரிபார்த்ததும் ஒரு பங்கு, தண்ணி நிரப்பிக் கசிவு பார்த்து டெலிவரி எடுக்கும்போது பெரும்பங்கு, 10 சதவீதம் முதல் அறுவடை முடியுற வரைக்கும் உங்க கையில். இதைப் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத்துல போடுங்க. ஃபேப்ரிகேட்டர் முகம் சுளிப்பார். 5 சதவீதத்துக்கு இறங்கி வாங்க, அதுக்குக் கீழே வேண்டாம். உங்க டேங்க் பட்டியல், ரகம், டன் கணக்கு இருந்தா அனுப்புங்க, அடுத்த வீடியோவில் ரெண்டு மூணை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுறேன்.